பழைய உறுதிகள் இன்னும் செல்லும் ஊர்: இணையத்தின் வழிப் பதிவேடுகளைத் துப்புரவாக்குவது எப்படி

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கியவர்களுக்கு இது தெரியும். உறுதியை விரித்துப் பார்த்தால், எல்லையில் பெயர் எழுதியிருக்கும் ஆட்களில் பாதிப்பேர் உயிரோடு இருக்க மாட்டார்கள். எங்கள் பெரியம்மாவின் வளவு உறுதியில் "வடக்கு, கந்தையா பெண் அன்னம்மா" என்று இருக்கிறது. அந்த அன்னம்மா யார் என்று கேட்டால் பெரியம்மாவே கொஞ்ச நேரம் யோசிக்கிறார். அந்த வடக்குக் காணி அதற்குப் பிறகு மூன்று கை மாறிவிட்டது, இப்போதைய சொந்தக்காரர் கனடாவில், இங்கே அற்றோணித் தத்துவத்தோடு வேறொருவர் பார்க்கிறார். ஆனாலும் யாரும் பயப்படுவதில்லை, ஏனென்றால் கடைசியாக முடித்த உறுதிதான் செல்லும், நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பின்னுக்குத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் புதிய உறுதி எழுதுவார்.

இப்போது ஒரு வேறு ஊரை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு காணிக்கு முப்பது வருடமாக எழுதப்பட்ட எல்லா உறுதியும் ஒரே மாதிரிச் செல்லும். விற்றவரின் உறுதியும் செல்லும், வாங்கியவரின் உறுதியும் செல்லும், இரண்டு வருடம் குத்தகைக்கு இருந்துவிட்டுப் போனவரின் துண்டும் செல்லும். படலையில் நிற்கிற காவல்காரர் திகதியைப் பார்ப்பதே இல்லை, கையில் ஏதாவது ஒரு உறுதி இருந்தால் திறந்துவிடுவார். இணையத்தின் வழிப் பதிவேடுகள், அதாவது எந்த நெட்வொர்க் எந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்று எழுதிவைக்கும் பதிவேடுகள், கிட்டத்தட்ட இப்படித்தான் இயங்குகின்றன. வலையமைப்பு வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு இந்த விஷயத்தை யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை. பதிவு சேர்ப்பது எப்படி என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள், அழிப்பது பற்றிக் கதைப்பவர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இணையம் என்பது ஒரே பெரிய வலை இல்லை, பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோர்த்து நிற்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் உண்டு, அதை ஏஎஸ் எண் என்பார்கள். ஒவ்வொன்றிடமும் சில ஐபி முகவரித் தொகுதிகள் இருக்கும். "இந்தத் தொகுதி என்னிடம் இருக்கிறது, இதற்கு வருகிற பொதியை (தரவுத் துண்டை) என் பக்கம் அனுப்புங்கள்" என்று அது பக்கத்து நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும், அவை தங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்லும், சில நிமிடங்களில் உலகம் முழுக்கத் தெரிந்துவிடும். இந்தப் பேச்சு நடக்கும் மொழிதான் பிஜிபி. அதில் உள்ள பெரிய குறை, யார் எதைச் சொன்னாலும் அது அப்படியே நம்பிவிடும்.

அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் 2008 பெப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. பாகிஸ்தான் டெலிகொம் தன் நாட்டுக்குள் மட்டும் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற தொகுதி தன்னிடம் இருப்பதாக ஒரு அறிவிப்பை உண்டாக்க, அது கசிந்து வெளியே போய்விட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22, அதாவது 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. கசிந்தது அதற்குள் அடங்கிய 256 முகவரிகள் கொண்ட சின்னத் தொகுதி. பிஜிபிக்குச் சின்னத் தொகுதியைச் சொல்பவர்தான் எப்போதும் பெரியவர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல இடங்களில் யூடியூப் போகவேண்டிய பொதிகள் பாகிஸ்தான் பக்கம் திரும்பி வீணாகின. வாடிக்கையாளர் சொல்வதை அதற்கு மேலே இருந்து இணைப்புக் கொடுத்த நிறுவனம் சரிபார்த்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

சரி, எதை வைத்துச் சரிபார்ப்பது? அதற்காக 1990களிலேயே வந்தவைதான் வழிப் பதிவேடுகள், ஐஆர்ஆர் என்று சுருக்கமாகச் சொல்வோம். அமெரிக்காவில் மெரிட் நெட்வொர்க் நடத்தும் ஆர்ஏடிபி இதில் பழையதும் பெரியதும். முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பிராந்தியப் பதிவகங்களும் உண்டு: ஐரோப்பாவுக்கு ரைப், வட அமெரிக்காவுக்கு ஆரின், எங்களுக்கு, அதாவது இலங்கை உட்பட ஆசிய பசிபிக் பகுதிக்கு, பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். இவர்களிடமும் பதிவேடுகள் உண்டு. ஆல்ட்டிடிபி மாதிரி இலவசமாக நடப்பவையும், பெரிய இணைப்பு நிறுவனங்கள் சொந்தமாக வைத்திருப்பவையும் உண்டு. பல ஒன்றையொன்று பிரதியெடுத்து வைத்திருக்கும்.

ஒரு பதிவைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். உண்மையில் இது ஆங்கிலத்தில்தான் இருக்கும், விளங்குவதற்காகத் தமிழில் எழுதுகிறேன். இலக்கங்கள் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, யாருக்கும் சொந்தமில்லாதவை.

ரூட்: 203.0.113.0/24
விளக்கம்: வாடிக்கையாளருக்காகச் சேர்த்தது, தற்காலிகம்
ஒரிஜின்: ஏஎஸ்64496
மெயின்டெய்னர்: மெயின்ட்-பழையகம்பனி
கடைசி மாற்றம்: 2009-06-11
சோர்ஸ்: ஆர்ஏடிபி

ஆறு வரிதான். முதல் வரி எந்த முகவரித் தொகுதி என்று சொல்கிறது. ஒரிஜின் என்பது அதை அறிவிக்க உரிமையுள்ள ஏஎஸ் எண். மெயின்டெய்னர் என்பது இந்தப் பதிவைத் திருத்தவோ அழிக்கவோ சாவி வைத்திருப்பவர். சோர்ஸ் என்பது பதிவு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பது. முகவரிக்குச் சொந்தக்காரரும் சாவிக்காரரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்று இங்கே எங்குமே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முடிவுத் திகதி என்றொரு வரியும் இல்லை. இந்த இரண்டு இல்லாமையில் இருந்துதான் எல்லாப் பிரச்சினையும் முளைக்கிறது. "தற்காலிகம்" என்று ஒருவர் விளக்கத்தில் எழுதியிருக்கிறார், அதை இயந்திரம் வாசிக்காது.

இந்தப் பதிவை யார் பார்க்கிறார்கள்? மனிதர்கள் அல்ல. பெரிய இணைப்பு நிறுவனங்களில் ராத்திரி ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், ஓடும். பிஜிபிக்யூ4 மாதிரி ஒரு கருவி பதிவேட்டிடம் "இந்த வாடிக்கையாளரின் ஏஎஸ் எண்ணுக்கு எந்தெந்தத் தொகுதிகள்?" என்று கேட்கும், வருகிற பதிலை அப்படியே ஃபில்டராக்கி ரூட்டரில் ஏற்றிவிடும். காலையில் அந்த ஃபில்டரில் இருக்கிறவை உள்ளே வரும், இல்லாதவை வாசலோடு நிற்கும். படலைக் காவல்காரர் என்று சொன்னது இதைத்தான். மேலே உள்ள 2009ஆம் ஆண்டுப் பதிவு இன்னும் கிடந்தால், ஏஎஸ்64496 இன்றைக்கு அந்தத் தொகுதியை அறிவித்தாலும் கேள்வி இல்லாமல் உள்ளே போகும், அந்தக் காணி எப்போதோ கை மாறியிருந்தாலும்.

பழைய பதிவுகள் எப்படிச் சேர்கின்றன என்பதற்குப் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. சேர்க்காவிட்டால் இணைப்பு வேலை செய்யாது, அதனால் உடனே சேர்ப்பார்கள். அழிக்காவிட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது, அதனால் அழிப்பதில்லை. ஒரு நிறுவனம் கொழும்பில் ஒரு இணைப்புக் கம்பனியை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறது, புதியவர் புதுப் பதிவு போடுகிறார், பழையவர் போட்டது அப்படியே கிடக்கிறது. வாடிக்கையாளருக்குப் பதிவேடு பற்றித் தெரியாது என்று இணைப்புக் கம்பனியே அவர் சார்பில் பதிவு போடுவதும் பழைய வழக்கம்தான். அதன் சாவி கம்பனியிடம், வாடிக்கையாளர் போன பிறகு அதை நினைப்பதற்கு அங்கே ஆள் இல்லை, பதிவு போட்டவர் வேலை மாறிப் போயிருப்பார், சில வேளை கம்பனியே மூடப்பட்டிருக்கும்.

இதோடு ஐபிவி4 முகவரிகள், அதாவது மேலே பார்த்த பழைய வகை ஐபி முகவரிகள், தீர்ந்துபோனதும் சேர்ந்துகொண்டது. ஏப்னிக்கின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாகக் கிடைப்பது சொற்பம், வேண்டுமென்றால் இருப்பவரிடம் காசு கொடுத்து வாங்கவேண்டும். அதே 2011இல் மைக்ரோசொஃப்ட், திவாலான நோர்ட்டெல் நிறுவனத்திடம் இருந்து 666,624 முகவரிகளை 7.5 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இப்படிக் கை மாறும் ஒவ்வொரு தொகுதியோடும் அதன் பழைய பதிவுகளும் வாலாகத் தொங்கிக்கொண்டு வரும். முகவரியை மாற்றிக் கொடுக்கும் பிராந்தியப் பதிவகம் தன் புத்தகத்தில் பெயரை மாற்றிவிடும், ஆனால் வேறு யாரோ நடத்தும் பதிவேட்டில் கிடக்கும் பதிவில் அது கை வைக்க முடியாது.

இதை நான் நேரில் பார்த்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில். நண்பர் ஒருவர் அங்கே நெட்வொர்க் பார்க்கிறார். அவர்கள் 1024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியைப் பாவித்த கையில் வாங்கியிருந்தார்கள். புதிய இணைப்புக் கம்பனியிடம் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, "உங்கள் தொகுதிக்கு நான்கு பதிவுகள் இருக்கின்றன, மூன்று உங்களுடையவை இல்லை, யார் இவர்கள்?" என்று. நண்பர் பயந்துபோய் "அண்ணை, கொஞ்சம் வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். பின்னேரம் போய் உட்கார்ந்து, பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் ஹூஇஸ் கட்டளையை அடித்துப் பார்த்தோம். ஒன்று, முந்தின சொந்தக்காரர் தானே போட்டது. இரண்டு, அவருக்கு இணைப்புக் கொடுத்த கம்பனி போட்டது. மூன்றாவதின் மெயின்டெய்னருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், அந்தப் பெயரில் ஒரு டொமைனே இல்லை என்று திரும்பி வந்தது. தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காசு கொடுத்து வாங்கின காணிக்குள் இன்னும் மூன்று பேருக்குப் படலை திறந்திருந்தது.

இதில் உண்மையிலேயே ஆபத்து உண்டா, அல்லது வெறும் குப்பையா என்று கேட்பார்கள். ஆபத்து உண்டு. ஏஎஸ் எண்களும் திரும்பக் கொடுக்கப்பட்டு வேறு ஆட்களுக்குப் போகும். கைவிடப்பட்ட கம்பனியின் எண்ணை ஒருவர் எப்படியாவது தன் கையில் எடுத்துக்கொண்டால், அந்த எண்ணின் பெயரில் கிடக்கும் பழைய பதிவுகள் எல்லாம் அவருக்கு ஆயத்தமாக வைத்த அனுமதிச் சீட்டுகள். பதிவேட்டில் எழுதியிருப்பதை ஃபில்டர் எவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு நம்பும் என்பதற்கு 2022 ஓகஸ்ட் 17 நடந்தது சாட்சி. செலர் பிரிட்ஜ் என்ற கிரிப்டோ சேவையைக் குறிவைத்தவர்கள் முதலில் ஆல்ட்டிடிபியில் போலிப் பதிவுகளைச் சேர்த்தார்கள், பிறகு அமேசனின் 44.235.216.0/24 தொகுதியை அறிவித்தார்கள். மேலே இருந்தவர்களின் ஃபில்டர்கள் விட்டுவிட்டன. சுமார் 235,000 டொலர் பெறுமதியான கிரிப்டோ போய்விட்டது. அங்கே அவர்கள் பொய்ப் பதிவை மினக்கெட்டு எழுதவேண்டியிருந்தது. பழைய பதிவு கிடக்கிற இடத்தில் அந்த வேலையும் மிச்சம்.

அப்படியென்றால் பத்து வருடம் பழைய பதிவையெல்லாம் ஒரே அடியாக அழித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது, இப்போது அது பிழை என்று உறுதியாகச் சொல்வேன். வயது ஒரு அடையாளமே இல்லை. 2003இல் போட்டது இன்றைக்கும் சரியாக இருக்கலாம், போன மாதம் போட்டது இன்றைக்குப் பிழையாக இருக்கலாம். பிஜிபியில் காணவில்லை என்பதும் முடிந்த முடிவு இல்லை. ஏ9 வீதிப் பக்கம் எங்காவது பெக்கோ கேபிளை வெட்டினால் மட்டும் உயிர் பெறும் மாற்று இணைப்பு ஒன்று இருக்கலாம், அதன் பதிவு வருடம் முழுக்கச் சும்மா கிடப்பது மாதிரித் தெரியும். தாக்குதல் வரும்போது மட்டும் உங்கள் தொகுதியைத் தன் பெயரில் அறிவித்துக் குப்பையை வடித்துத் தரும் பாதுகாப்புச் சேவையின் பதிவும் அப்படித்தான். அதைப் பழசு என்று அழித்துவிட்டால், தாக்குதல் நடக்கிற அந்த இரவில்தான் விளங்கும், அப்போது ஃபில்டர் புதுப்பிக்க விடியும் வரை காத்திருக்கவேண்டும்.

ஆகவே முகவரிக்கு உண்மையான சொந்தக்காரர் யார், அவர் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார் என்பதைத்தான் பார்க்கவேண்டும். இதற்கு இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது, ஆர்பிகேஐ. இதில் சொந்தக்காரர் தன் பிராந்தியப் பதிவகத்தின் வழியாக டிஜிட்டல் கையொப்பத்தோடு "இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம், இவ்வளவு சின்னத் துண்டு வரைக்கும் அறிவிக்கலாம்" என்று ஒரு பத்திரம் எழுதுகிறார். அதன் பெயர் ஆர்ஓஏ. பழைய பதிவேடுகள் பலவற்றில் யாரும் யாருடைய காணிக்கும் உறுதி எழுதலாம் என்ற நிலை இருந்ததே, இதில் அது முடியாது.

முக்கியமான வித்தியாசம் ஒன்றை இங்கே மனதில் வைக்கவேண்டும், புதிதாக வருபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஐஆர்ஆர் பதிவு அனுமதி மட்டும்தான் கொடுக்கும். ஒரு தொகுதிக்குச் சரியான பதிவு ஒன்றும் பிழையான பதிவு மூன்றும் இருந்தால் நான்குமே அனுமதி. ஆர்ஓஏ அப்படி இல்லை, ஒன்றை எழுதிய உடனே, அந்தத் தொகுதிக்கு எந்த ஆர்ஓஏவிலும் சொல்லாத மற்ற எல்லாமே செல்லாதவையாகிவிடும். அதனால் பழைய ஐஆர்ஆர் பதிவைக் கவனிக்காமல் விட்டால் பிறத்தியாருக்குக் கதவு திறந்திருக்கும், பழைய ஆர்ஓஏவைக் கவனிக்காமல் விட்டுவிட்டு இணைப்பை மாற்றினால் உங்களுக்கே கதவு பூட்டிவிடும். பல பெரிய நெட்வொர்க்குகள் செல்லாத அறிவிப்பை ஏற்பதே இல்லை. ஆர்பிகேஐயும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. அது பார்ப்பது ஒரிஜினையும் துண்டின் அளவையும் மட்டும். செலர் விவகாரத்தில் அறிவிப்பின் கடைசியில் அமேசனின் எண்ணையே போலியாக ஒட்டியிருந்தார்கள். அதனால் ஆர்ஓஏ வந்துவிட்டது, இனிப் பதிவேட்டை மறந்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பதிவேடு நடத்துபவர்களும் சும்மா இருக்கவில்லை. ரைப் 2018 செப்டம்பரில் தன் பிராந்தியத்துக்கு வெளியே உள்ள முகவரிகளின் பதிவுகளைத் தனியாகப் பிரித்து ஒதுக்கிவைத்தது, அந்தப் பக்கம் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, ஆர்ஓஏவோடு முரண்படுபவை அகற்றப்படும் என்று விதியும் வந்தது. ஆரின் தன்னிடம் இருந்த உறுதிப்படுத்தாத பழைய பதிவுத்தொகுதியை 2022 ஏப்ரலில் ஒரேயடியாக மூடியது. பதிவேடுகளை நடத்த உதவும் ஐஆர்ஆர்டி மென்பொருளின் 4ஆம் பதிப்பில், ஆர்ஓஏவோடு முரண்படும் பதிவுகளைக் கேட்பவருக்குக் காட்டாமல் ஒளித்துவிடும் வசதி இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சாவிக்காரர் செத்தாலும் ஓடிப்போனாலும் பரவாயில்லை, சொந்தக்காரர் ஒரு ஆர்ஓஏ எழுதினால் போதும்.

நாங்கள் அன்றைக்குச் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் இதே ஒழுங்கு சரிவரும். முதலில் கொப்பியில் நிறுவனத்தின் எல்லாத் தொகுதிகளையும் எழுதினோம். ஒவ்வொன்றையும் ஆர்ஏடிபியின் ஹூஇஸ் வழியாகத் தேடினோம், அது மற்றப் பதிவேடுகளின் பிரதிகளையும் வைத்திருப்பதால் ஒரே இடத்தில் நிறையத் தெரியும். முழுத் தொகுதியை மட்டும் தேடாமல் அதற்குள் அடங்கும் சின்னத் துண்டுகளையும் கேட்கவேண்டும், ஏனென்றால் அபாயமானவை அந்தத் துண்டுகள்தான். பிறகு ரைப்ஸ்டாட் என்ற இலவசத் தளத்தில் அந்தத் தொகுதியை முன்பு யார் யார் அறிவித்திருக்கிறார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தோம். அலுவலகத்தில் பழைய ஆட்களிடம், கணக்குப் பிரிவு அக்கா உட்பட, கேட்டோம். எந்தக் கம்பனிக்கு இன்னும் மாதாமாதம் காசு போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும், அதில் இருந்துதான் மாற்று இணைப்பு எது என்பது உறுதியானது.

அழிப்பதற்கு முதல் சரியானதைச் சேர்க்கவேண்டும். ஏப்னிக் தன் உறுப்பினர்களுக்கு வைத்திருக்கும் மைஏப்னிக் தளத்தில் உள்ளே போனால் ஆர்ஓஏவையும் ரூட் பதிவையும் ஒரே இடத்தில் கையாளலாம். பிரதான இணைப்புக்கு ஒன்று, மாற்று இணைப்பின் எண்ணுக்கு ஒன்று என்று எழுதிவிட்டு ஒரு நாள் விட்டோம், மேலே உள்ளவர்களின் ராத்திரி ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓடி முடியட்டும் என்று. அவசரப்பட்டு அழித்து, ஃபில்டரில் புதியது ஏறுவதற்கு முதல் பழையது போனால் அலுவலகம் முழுக்க இருண்டுவிடும்.

ஏஎஸ்-செட் என்ற இன்னொரு வகைப் பதிவும் உண்டு, "என் பின்னால் இருக்கும் வாடிக்கையாளர்கள் இவர்கள்" என்ற பட்டியல். இதில் ஒரு செட்டுக்குள் இன்னொரு செட்டைப் போடலாம், அதற்குள் இன்னொன்றும். ஒரு பிழையான வரியால் ஆயிரக்கணக்கான எண்கள் உள்ளே வந்து ஃபில்டர் ரூட்டருக்குக் கொள்ளாத அளவுக்கு ஊதிவிடும். போன வாடிக்கையாளரை இந்தப் பட்டியலில் இருந்து எடுக்க மறப்பவர்கள்தான் கூட.

அதன் பிறகுதான் மின்னஞ்சல்கள். முந்தின சொந்தக்காரருக்கு எழுதினோம், இரண்டே நாளில் அழித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். அவருக்கு இணைப்புக் கொடுத்த கம்பனிக்கு எழுதினோம், பதில் இல்லை. திரும்ப எழுதினோம், அப்போதும் இல்லை. கடைசியில் பதிவேட்டை நடத்துபவர்களுக்கே, முகவரி எங்கள் பெயரில் இருப்பதற்கான ஏப்னிக் பதிவையும் இணைத்து எழுதிய பிறகு அது போனது. இப்படி எழுதும்போது தொகுதி, ஏஎஸ் எண், சோர்ஸ், மெயின்டெய்னர் நான்கையும் முதல் வரியிலேயே கொடுங்கள், நீண்ட கதை தேவையில்லை.

மூன்றாவதுக்கு எழுத ஆளே இல்லை. ஆர்ஓஏ ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, அதனால் காத்திருந்தோம். இரண்டு நாள் கழித்து நண்பர் பிஜிபிக்யூ4 ஓடவிட்டு அந்தப் பழைய ஏஎஸ் எண்ணைக் கேட்டுப் பார்த்தார். எங்கள் தொகுதி பதிலில் வரவில்லை. அன்றைக்கே அவர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்தார், இணைப்புக் கம்பனியை மாற்றும்போது செய்யவேண்டியவை எழுதிய தாள் அது. "அவர்களின் ரூட்டரைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குதல்" என்ற வரிக்குக் கீழே பேனையால் எழுதினார்: "அவர்கள் பெயரில் உள்ள ரூட் பதிவு, ஆர்ஓஏ, ஏஎஸ்-செட் வரி, மூன்றையும் எடுத்தாயிற்றா?"